நேர்கோட்டிற் செல்லும் கை



இசைத்தட்டுக்குரிய மூலத்தட்டிலே ஒலிவரியை வெட்டும் ஊசி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டிற் செல்லுகின்றது. வீடுகளிற் பாடும் பொறியின் கையோ ஒரு முனையிற் பூட்டப்பட்டிருத்தலால், அதன் ஊசி வில்போல வளைந்தே செல்லும். கையின் தலையை எவ்வளவு நுட்பமாகத் திருப்பிவைத்தாலும், வெட்டிய கோணமும் பாடும் கோணமும் இரண்டே இடங்களில் முற்றாக ஒத்துவரும். ஏனைய இடங்களில் ஒலி சிறிது சிதையும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே நேர்கோட்டுக் கை. டென்மார்க்கின் பாங் அன்ட் ஒலுப்சன் நிறுவனம் 1972 இல் வெளியிட்ட பியோகிராம் 4000 என்னும் பொறியில், தண்டவாளத்தில் வண்டி ஓடுவதுபோலக் கை முழுவதுமே நகரும். அது வழி பிசகாது செல்வது எங்ஙனம்? ஊசி வரியோடு முன்னேற, கை இம்மியளவு சாய்கின்றது. உணர்கருவி அச்சாய்வை உடனே அறிகின்றது. மோட்டார் கையின் அடியை நகர்த்தி நேராக்குகின்றது. தட்டு முடியும்வரை இது ஓயாது நிகழும்.

அன்பர்களே, அக்கையும் பிசகுகின்றது. பிசகு சிறிதாயிருக்கும்போதே திருத்தப்படுவதனால், கேட்போர் செவிக்கு அது எட்டுவதில்லை. இளைஞராகிய நாமும் பெரியோர் சுட்டும் சிறு பிழையை அன்றே திருத்திக்கொள்வோமாக.