வேட்டைநாயின் பெயர் பூண்ட சிறுவன்



விடை நன்கு தெரிந்திருந்தும் எழுந்து நின்று சொல்ல அஞ்சுகின்ற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தவுடன் நா உலரும், முழங்கால் நடுங்கும். "அஞ்சாதே, வீரனாக இரு" என்று அப்பிள்ளைக்குச் சொல்வது எளிது. ஆனால், அஞ்சாமையை எவரிடத்தில், எவ்வாறு கற்பது? இவ்வினாவுக்கு அயர்லாந்து நாட்டுப் பழங்கதை ஒன்று தரும் விடையை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

அயர்லாந்தின் பழமொழியான ஐரிஷ், கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்மொழியில் வாய்வழியாக வழங்கிய வீரக் கதைகள் பல, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏடுகளில் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் தலையாயது, கூலி என்னும் நிலப்பகுதியிலிருந்து ஆநிரை கவர வந்த படையெடுப்பைப் பற்றியது. அக்கதையின் தலைவன் கூகுலின்.

அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் சேத்தந்தா. அல்ஸ்டர் நாட்டு மன்னனின் அவையில் வளர்ந்த சிறுவன் அவன். குலான் என்னும் கொல்லன் ஒருநாள் மன்னனை விருந்துக்கு அழைத்தான். பந்து விளையாட்டில் மூழ்கியிருந்த சேத்தந்தா, ஆட்டம் முடிந்தபின் வருவதாகக் கூறினான். மன்னனோ அதனை மறந்துவிட்டான். எல்லாரும் வந்துவிட்டனர் என்று எண்ணிய கொல்லன், தன் காவல் நாயை அவிழ்த்துவிட்டான். தனியே வந்த சிறுவன்மீது அந்நாய் பாய்ந்தது. கையிலிருந்த வளைதடியும் பந்துமே துணையாக அவன் அதனைக் கொன்றான்.

அனைவரும் அவனைப் புகழ்ந்தனர். கொல்லன் மட்டும் வருந்தினான். அவனுடைய மந்தையையும் மனையையும் காத்து வந்தது அந்நாயே அன்றோ? அப்போது சிறுவன், "இதே இனத்துக் குட்டி ஒன்றை வளர்த்துத் தருகிறேன்; அது வளரும் வரையில் உம் மந்தைக்கு நானே காவல் இருப்பேன்" என்றான். அதனால் அவனுக்குக் 'குலானின் வேட்டைநாய்' என்று பொருள்படும் கூகுலின் என்னும் பெயர் வந்தது. நாயைக் கொன்றதற்காக அப்பெயர் வந்ததன்று. அந்நாயின் வேலையைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டமைக்காக வந்தது. நம்மால் பிறருக்கு நேர்ந்த இழப்புக்கு, அவர் முன் நின்று பொறுப்பேற்பதே அஞ்சாமையின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் பயிற்சி. கூகுலின் வளர்ந்தபின், போர்க்கலை பயிலக் கடல் கடந்து சென்றான். அவனுக்குக் கற்பித்தவர் ஸ்காஹக் என்னும் பெண்மணி. மாணவியர் இதனைக் கருத்திற் கொள்க. வீரர்களையெல்லாம் உருவாக்கிய அக்கதையின் ஆசான் ஒரு பெண். ஸ்காத்லாந்தின் மேற்கே உள்ள ஸ்கை தீவில், அவர் பெயரோடு தொடர்புடைய கோட்டையின் இடிபாட்டை இன்றும் காட்டுகின்றனர். அவர் இருப்பிடத்தை அடைய ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். ஒரு முனையில் கால் வைத்தால் மறுமுனை எழுந்து, ஏறியவனை மல்லாக்கத் தள்ளிவிடும். கூகுலின் மும்முறை முயன்றும் கடக்க இயலவில்லை. சுற்றி நின்றோர் நகைத்தனர். அதற்குப் பின்னரே, நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளும் மீன்போலப் பாய்ந்து அவன் அப்பாலத்தைக் கடந்தான்.

பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் பெரிதும் அஞ்சுவது விழுவதற்கன்று. விழும்போது பிறர் நகைப்பதற்கே. சிலம்பமாயினும், மற்போராயினும், எந்தத் தற்காப்புக் கலையாயினும், நல்லாசான் முதலில் கற்பிப்பது நிற்கும் நிலையும், விழுந்தால் அடிபடாமல் விழும் முறையுமே. பலர் முன்னிலையில் நூறு முறை விழுந்து எழுந்தவனுக்கு நகைப்பு பழகிவிடுகிறது. நெஞ்சம் அப்போதும் படபடக்கும். எனினும் பழகிய கையும் காலும் தம் கடமையைச் செய்யும். அச்சம் முற்றும் நீங்கட்டும், பின்னர்த் தொடங்கலாம் என்று காத்திருப்பவன் என்றும் தொடங்கமாட்டான்.

மூன்றாம் பாடம் துயரமானது. ஸ்காஹக்கிடம் கூகுலினோடு சேர்ந்து பயின்ற உயிர்த்தோழன் பெர்தியா. ஆநிரை கவர வந்த அரசி மேவ், அவனையே கூகுலினுக்கு எதிராக அனுப்பினாள். ஓர் ஆற்றுத்துறையில் இருவரும் நாள்தோறும் பொருதனர். தொடக்கத்தில், மாலை வந்ததும் ஒருவரையொருவர் தழுவி, மருந்தையும் உணவையும் பகிர்ந்துகொண்டனர். நான்காம் நாள் பெர்தியா வீழ்ந்தான். கூகுலின் அவனை அணைத்துப் புலம்பி அழுதான். அப்போது அவனுக்கு வயது பதினேழு என்கிறது கதை. அயர்லாந்தில் ஆர்டி என்னும் ஊரின் பெயர், பெர்தியாவின் துறை என்னும் பொருளுடையது. வென்றவன் பெயரன்று, வீழ்ந்தவன் பெயரே அந்த ஊருக்கு நிலைத்தது.

இக்கதையைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கியவர் பாட்ரிக் பியர்ஸ். அவர் 1908-இல் டப்ளின் நகரில் புனித எண்டா பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர்தம் மாணவர்கள் கூகுலினின் இளமைக் கதையை நடித்தனர். 1916-இல் அயர்லாந்தின் விடுதலைக்காக நடந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய பியர்ஸ், மே 3-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் பழைய மாணவர் சிலரும் அவ்வெழுச்சியில் பங்கு கொண்டனர். எழுச்சியின் தலைமையிடமாக இருந்த டப்ளின் அஞ்சல் நிலையத்தில், கல்தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடியே உயிர்விடும் கூகுலினின் சிலை 1935-இல் நிறுவப்பட்டது.

பியர்ஸின் தியாகத்தை நான் வணங்குகிறேன். ஆயினும், இளம்பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும் ஆசிரியர், வீரனின் இறப்பை மட்டும் காட்டி நிறுத்தலாகாது என்பது என் துணிபு. சாவுக்கு அஞ்சாத நாள் ஒருவன் வாழ்வில் வந்தாலும் வரலாம், வாராமலும் போகலாம். செய்ததற்குப் பொறுப்பேற்கும் நாளும், நகைப்பினிடையே நான்காம் முறை முயலும் நாளும், பகைவனாய் எதிர்நிற்பவனிடத்தும் நட்பை மறவாத நாளும் எல்லார் வாழ்விலும் வரும். கொல்லன் வீட்டு வாயிலில் காவல் நின்ற அந்தச் சிறுவனை நினைவிற் கொள்ளுங்கள். அவன் போரில் பெற்ற புகழெல்லாம் பின்னர் வந்தது. பெயர் கிடைத்தது அந்த வாயிலில்தான்.