இறங்காத விரை: காலத்தில் கவனிப்போம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றியே நாம் இம்முகாம்களில் பேசி வருகிறோம். இன்று, கூச்சத்தால் வீடுகளில் மூடிவைக்கப்படும் ஒரு விஷயத்தைப் பேச விழைகிறோம். சில ஆண் குழந்தைகளுக்கு விரை, பைக்குள் இறங்காமல் அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிடுகிறது.

கருவில் விரை சிறுநீரகத்தை அடுத்துத் தோன்றி, பிறப்பதற்கு முந்திய மாதங்களில் கீழே இறங்குகிறது. நிறைமாதக் குழந்தைகளிலும் 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு இது நிறைவேறுவதில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். பலருக்கு முதல் 6 மாதங்களுக்குள் தானே இறங்கிவிடும். அதன்பின் இறங்குவது அரிது.

இறங்காவிட்டால் என்ன கேடு? விரைப்பை உடலைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்தது. அக்குளிர்ச்சி விரைக்குத் தேவை. வயிற்றுச் சூட்டிலேயே இருந்தால் விந்தை உண்டாக்கும் அணுக்கள் நாளடைவில் குன்றும். பிற்காலத்தில் புற்று தோன்றும் வாய்ப்பும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், வீட்டு மானியம் கேட்டு எம் அலுவலகத்துக்கு வந்த உழவர் ஒருவர் தயங்கித் தயங்கித் தம் மகனைப் பற்றிச் சொன்னார். பையனுக்கு வயது 9. ஒரு பக்கம் இல்லையென்பது பாட்டிக்குத் தொட்டிலிலேயே தெரியும். "ஊசி போட்டால் இறங்கிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, ஊசிக்கும் காத்திருப்புக்குமாக 3 ஆண்டுகள் கழிந்தன. முடிவில் அறுவை செய்தே இறக்கினார்கள். "ஒரு வயதிலேயே கொண்டுவந்திருக்கலாமே!" என்றார் டாக்டர். அவ்வார்த்தை எம் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

ஊசி முழுப் பொய்யன்று. எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் 1930-களிலிருந்து இதற்குக் கொடுக்கப்பட்டு வந்தது. ஆயினும் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கே பலன் கிட்டியது. இறங்கியது மீண்டும் மேலேறியதும் உண்டு. ஆகையால், அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2014-ல் வெளியிட்ட நெறிமுறை, இதற்கு ஹார்மோன் வேண்டாமென்றது. 6 மாதத்துக்கு மேல் 18 மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதே தக்கது.

குளிரில் மேலேறி, வெந்நீரில் குளிக்கையில் கீழே வரும் விரைக்கு அறுவை வேண்டாம். ஆண்டுதோறும் டாக்டர் பார்த்தால் போதும். பிறந்த குழந்தைக்கு இரு பக்கமும் தட்டுப்படாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உயிருக்கே ஆபத்தான ஹார்மோன் கோளாறு அதன்பின் மறைந்திருக்கக்கூடும்.

14 வயது நிறைந்தும் விரை பருக்கத் தொடங்காத பையனையும் டாக்டரிடம் காட்டவேண்டும். பெரும்பாலும் அது வெறும் தாமதமே. சிலருக்கு மட்டும் அவர் ஆராய்ந்து, சில மாதங்கள் ஹார்மோன் தருவார். தாமாக வாங்கிப் போடும் மருந்தோ எலும்பின் வளர்ச்சியை முன்னதாகவே முடித்து உயரத்தைக் குறைத்துவிடலாம்.

அன்பர்களே! கன்று வாங்கும்போது சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், பொலிகாளையாயின் விரை இரண்டும் சரிதானா என்றும் பார்க்கிறோம். பெற்ற பிள்ளைக்குப் பார்க்க வெட்கம் எதற்கு? எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தாயும் பாட்டியும் கவனிக்கட்டும். ஐயமிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லட்டும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளை, உறுப்பினர்கள் வீடுதோறும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். கூச்சத்தை விட்டால் போதும்.