குறட்டையும் சி.ஆர்.பி.யும்: எது யார் கணக்கு?



“படுத்த உடனே கொறட்டை விட்டுத் தூங்கிடுவாரு டாக்டர், தூக்கத்துக்கு ஒண்ணும் குறைவில்ல.” மாரடைப்போடு வந்து சேர்ந்தவரின் மனைவி இப்படிச் சொல்லக் கேட்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, பத்து நொடியோ அதற்கு மேலோ சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு ஒரு திமிறலோடு மறுபடி கிளம்புகிறதா என்று கேளுங்கள். அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் மாறும். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நேர்ந்தால் அதைக் கடும் மூச்சுத்தடை என்கிறோம்.

ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி ஏறுகிறது. இறக்கத்தைப் போலவே ஏற்றமும் கேடு செய்கிறது. மலைமேல் வாழ்பவரின் உடல் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிக்கொள்ளும். இரவெல்லாம் ஊஞ்சலாடும் ஆக்சிஜனுக்கு எப்படிப் பழகுவது? 2005இல் டப்ளின் குழுவினர் ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் இதைப் பார்த்தார்கள். விட்டுவிட்டு ஆக்சிஜன் குறைந்தபோது, பழக்கப்படுத்தும் பாதையைவிட, அழற்சியை முடுக்கும் என்.எஃப்.-கப்பா-பி பாதையே விழித்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2002இல், மேயோ கிளினிக் குழு மூச்சுத்தடை நோயாளிகளிடம் அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி. கூடியிருப்பதைக் காட்டியிருந்தது. மூச்சுத்தடை, அழற்சி, மாரடைப்பு என்று ஒரு நேர்கோடு கிடைத்துவிட்டதாக நாம் மகிழ்ந்தோம். நானும்தான்.

ஆனால் சி.ஆர்.பி.யைக் கல்லீரலில் சுரக்கவைப்பது இன்டர்லூகின்-6. அதை அனுப்பும் இடங்களில் ஒன்று தொந்திக் கொழுப்பு. நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தொந்தியும் மூச்சுத்தடையும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியானால் கூடிய சி.ஆர்.பி.யை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதை நேராகச் சோதித்த ஆய்வு 2014இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. உடல் பருமனும் மூச்சுத்தடையும் உள்ளவர்களை மூன்று பிரிவாக்கினார்கள்: முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சீபேப் கருவி மட்டும், எடைக்குறைப்பு மட்டும், இரண்டும் சேர்த்து. 24 வாரம் கழித்துப் பார்த்தால், எடை குறைத்த இரு பிரிவிலும் சி.ஆர்.பி. இறங்கியிருந்தது, கருவி மட்டும் வைத்தவர்களிடம் இறங்கவில்லை. ஆனால் சொன்னபடி ஒழுங்காகச் செய்தவர்களிடம், இரத்த அழுத்தம் மட்டும் இரண்டும் சேர்ந்தபோது கூடுதலாகக் குறைந்தது. மூச்சுத்தடை இதயத்தைத் தாக்கும் வழிகளில் சில சி.ஆர்.பி.யைத் தொடாமலே போகின்றன என்றே இதை நான் படிக்கிறேன்.

2016இல் வந்த சேவ் ஆய்வை எல்லாரும் அறிவீர்கள். ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேர். சீபேப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. அவர்கள் முகமூடியை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். பாதி இரவு மருந்து கொடுத்துவிட்டு மருந்தையே குறை சொல்வதா என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான். ஆனால் நம் நோயாளிகளும் ஏறக்குறைய அப்படித்தான் அணிகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அழற்சியே பொருட்டில்லை என்று யாரும் இங்கிருந்து எழுந்து போய்விட வேண்டாம். எல்.டி.எல்.லைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தாலும் மாரடைப்பு குறையும் என்று 2017இல் கான்டோஸ் ஆய்வு காட்டிவிட்டது. கூடவே உயிர்போக்கும் தொற்றும் சற்றுக் கூடியது. 2024இல் வந்த, எடை குறைக்கும் மருந்தான டிர்செபடைட் பற்றிய ஆய்வில் எடை, மூச்சுத்தடை, சி.ஆர்.பி. மூன்றும் ஒருசேர இறங்கின. நோயாளிக்கு நல்ல செய்தி. எது எதை இறக்கியது என்று பிரித்தறிய வேண்டிய நமக்கோ பழைய சிக்கலே மிச்சம்.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் இந்தக் கூட்டத்தின் தலைவர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். சி.ஆர்.பி. எண்ணைத் திரையில் காட்டும்போது, பக்கத்திலேயே இடுப்புச் சுற்றளவையும், கருவி பதிவுசெய்த அணிந்த மணி நேரத்தையும் காட்டுங்கள். அவை இல்லாத அட்டவணை வந்தால் இடையில் எழுந்து கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் அமர்வுக்குரியவர்கள் மேடைக்கு வரலாம்.