ஒட்டுப் போர்வையும் முக்கோணத் துண்டும்

பிறந்த ஊரை விட்டு வந்தவர் வீட்டுப் பெட்டியின் அடியில் பழம்புடைவை ஒன்று பெரும்பாலும் இருக்கும். உடுத்த இயலாது, எறியவும் மனம் வராது. 1992-ஆம் ஆண்டு வாஷிக்கு இரயில் ஓடத் தொடங்கும் வரை ஹார்பர் பாதையின் கடைசி நிலையமாக இருந்த மான்குர்தில், எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது காலஞ்சென்ற எங்கள் அன்னையின் மதுரைச் சுங்குடி. அதைக் கொண்டு குழந்தைகளுக்கு ஓர் ஒட்டுப் போர்வை தைக்க விரும்பினோம்.

பழந்துணியைப் போர்வையாக்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று. மராட்டியர் பழஞ்சேலைகளை அடுக்கி ஓடுதையலிட்டுக் கோதடி செய்வர். வங்காளத்தார் காந்தா தைப்பர். வடகன்னடத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், தாம் தைக்கும் கவந்தியின் மூலைகளில் முக்கோணமாக மடித்த துணியை வைத்து, அதனைப் பூ என்பர். தனி அளவுகோல் அவர்களுக்கு வேண்டியதில்லை, மடிப்பே அளவு.

இரு நிற முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் அமைப்பை நாங்கள் தேர்ந்தோம். இதற்கென்றே மேல்நாட்டுக் கடைகளில் தனி அளவுகோல்கள் உண்டு. எங்களிடம் இருந்தவை கத்தரிக்கோலும் டேப்பும் கோடிடும் சுண்ணக்கட்டியுமே. சுங்குடியிலும், தாராவித் தையற்கூடமொன்றில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளிலும் சதுரங்கள் வெட்டினோம். அவை அனைத்தையும் மூலைக்கு மூலை கத்தரித்த பின்னரே தைக்க அமர்ந்தோம். பன்னிரண்டு கட்டங்கள் முடிந்தன. ஒன்றேனும் சதுரமாக இல்லை. துணியோ திரும்பக் கிடைக்காதது. அன்று கத்தரிக்கோலைத் தொடவே அஞ்சினோம்.

அடுத்த வீட்டு மாவ்ஷி ஒரு முக்கோணத்தை எடுத்து, நூலோட்டத்தின் வழியே இழுத்துக் காட்டினார், அசையவில்லை. சாய்வான ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அது நீண்டு நெளிந்தது. பிழை விளங்கிவிட்டது. பாவும் ஊடையும் செல்லும் திசையில் துணி உறுதியானது. தையற்காரர் 'கிராஸ்' எனும் குறுக்குத் திசையில் அது நெகிழும். முக்கோணத்தின் நீண்ட பக்கம் அத்திசையிலேயே அமைகிறது. ஆகவே அப்பக்கத்தை முதலில் தைத்து, பிறகே வெட்ட வேண்டும். இதுவே நாங்கள் கற்ற பாடம்.

முறையைச் சொல்வோம். போர்வையில் 4 அங்குலச் சதுரம் தோன்ற வேண்டுமாயின், பழைய திருமண அழைப்பிதழின் கெட்டி அட்டையில் இரு சதுரங்கள் வெட்டுக: ஒன்று 5 அங்குலம், மற்றொன்று நாலரை அங்குலம். நான்கு பக்கங்களும் இரு மூலைவிட்டங்களும் தம்முள் சமமாக இருந்தால் அட்டை சரியான சதுரம். சிறிய அட்டையில் ஒரு மூலைவிட்டத்தைக் கோடாக வரைந்துகொள்க.

பெரிய அட்டையை நூலோட்டத்துக்கு இசைய வைத்து, இரு நிறத்திலும் ஒவ்வொரு சதுரம் வெட்டுக. நல்ல பக்கங்கள் உள்ளே பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடிடுக. கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பின் கோட்டின்மேல் வெட்டுக. விரித்தால் இரண்டு கட்டங்கள் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். சிறிய அட்டையின் கோட்டைத் தையலின்மேல் பொருத்தி, மிகுதியைக் கத்தரிக்கவும்.

கணக்குப்படி 4 அங்குலத்துடன் 7/8 அங்குலம் கூட்டினாலே போதும். முழு அங்குலமாகக் கூட்டினால், கை சற்றுப் பிசகினாலும் துணி பொறுத்துக்கொள்ளும். நாலரை அங்குலக் கட்டங்களை இணைக்கும்போது சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்து, 4 அங்குலமே வெளியே தெரியும்.

எஞ்சிய சுங்குடியில் இம்முறைப்படி முப்பது கட்டங்கள் தேறின. நெளிந்த பன்னிரண்டையும் நாங்கள் எறியவில்லை. ஓரம் சிறுத்துத் தலையணை உறையாக்கினோம். நாங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததை, மார்கழிக் குளிரில் குழந்தைகள் இன்று போர்த்து உறங்குகின்றனர். உங்கள் பெட்டியின் அடியிலும் அத்தகைய புடைவை இருக்குமாயின், அதற்கு முன் ஒரு பழைய வேட்டித் துண்டில் தைத்துப் பாருங்கள். கை பழகிய பின் அதனை வெளியே எடுங்கள்.