எல்லைக்கோடும் சிகிச்சையும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றவர்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். பாத்திகளில் நின்று நீண்ட காம்புடைய பலகையால் உப்பை வாரிச் சேர்க்கும் பெண்களுள் ஒருத்திக்குப் பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். உயிரைக் காக்க மருத்துவர் உண்டு. ஆனால் சேலை உடுத்தவும், குடம் தூக்கவும், உப்புப் பலகையைப் பிடிக்கவும் மீண்டும் பழக்குபவர் யார்? அவரையே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பர். தமிழில் செயல்முறைச் சிகிச்சையாளர் எனலாம். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950-இல் இக்கல்விக்குப் பள்ளி தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார், பிறப்பால் அமெரிக்கர்.

இச்சிகிச்சை மருத்துவமனைச் சுவர்களுக்குள் முடிவதன்று. வீட்டுப் படியின் உயரம், அடுப்பின் இடம், பலகைக் காம்பின் பருமன் இவற்றை நேரில் காணாதவர் பாதிச் சிகிச்சையே அளிக்கிறார் என்பது என் கருத்து. இங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. நோயாளி செல்வது புதுவை ஜிப்மருக்கு. வீடோ விழுப்புரம் மாவட்டத்தில். மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் காலாப்பட்டு புதுவையைச் சேர்ந்தது; அதைத் தாண்டிய பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாடு; பின்னர் மறுபடியும் புதுவை! பேருந்தில் உறங்குபவருக்கு இது தெரிவதில்லை, சட்டத்துக்குத் தெரியும்.

நம் நாட்டில் இத்தொழிலுக்கு நெடுங்காலம் பொதுவான பதிவேடு இல்லை. தில்லி 1997-இலும் மகாராஷ்டிரம் 2002-இலும் தத்தமக்கெனச் சட்டம் செய்தன. அமெரிக்காவிலும் உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலமே. ஆகவே அங்கு மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாயின. 2021-இல் மேரிலாந்தும் வர்ஜீனியாவும் முதலில் சேர்ந்தன. சொந்த மாநிலத்து உரிமத்தை அடிப்படையாகக் கொண்டு, உடன்பட்ட பிற மாநிலத்திலும் தொழில் செய்யும் சலுகையைப் பெறுவதே அதன் முறை.

நாம் வேறு வழி கொண்டோம். தொழில்கள் பற்றிய பொருள் நம் அரசியலமைப்பில் பொதுப்பட்டியலில் உள்ளது. எனவே நாடாளுமன்றமே 2021-இல் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை இயற்றியது. மாநிலந்தோறும் ஒரு மன்றமும் பதிவேடும். அவற்றுக்கு மேலாக நாடு முழுமைக்கும் ஒரு மையப் பதிவேடு. மையப் பதிவேட்டில் பெயருள்ளவர் நாட்டின் எப்பகுதியிலும் தொழில் செய்யலாம் என்பதே அதன் கருத்து. ஏட்டில் இது உடன்படிக்கையினும் எளிது. ஆயினும் மன்றங்கள் அமைவதில் தாமதம் நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, சட்டத்தைச் செயற்படுத்த இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

பொதுப் பதிவேடு சிகிச்சையாளரின் வசதிக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓரிடத்தில் தவறிழைத்து உரிமம் இழந்தவர் அடுத்த மாநிலத்தில் புதுப் பலகை மாட்டினால் அங்குள்ள நோயாளி எவ்வாறு அறிவார்? அமெரிக்க உடன்படிக்கையில் ஒழுங்கு நடவடிக்கைச் செய்திகளை மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தெரிவித்தாக வேண்டும். உப்பளத்துப் பெண்ணின் வாசலில் நிற்பவர் தகுதியுடையவர்தாமா என்பதை விழுப்புரத்திலிருந்தும் பார்க்கலாம், புதுவையிலிருந்தும் பார்க்கலாம் என்னும் நிலை அத்தகைய ஏட்டினால்தான் வரும்.