பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்பதாகும். இது ஒரு பெரிய விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண் குழந்தைகளில் பலர் புத்தி இல்லாமல் விட்டவர்களல்ல, போக வழி இல்லாமல் விட்டவர்கள் என்பதை யோசித்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தானே விளங்கும்.

பெரியவர்கள் கூடுமிடத்தில் ஒரு பேச்சு உண்டு. "எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல் நடந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள், கூப்பிடு தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள் கேட்கிறார்கள்" என்பதே அது. நாம் அவர்களை ஒன்று கேட்கிறோம். நீங்கள் நடந்த ரோட்டில் அன்றைக்கு எத்தனை லாரி ஓடிற்று? இரு பக்கமும் புளியமரம் நிழல் கொடுத்ததா இல்லையா? இன்று பல ஊர்களில் அதே ரோடு நான்கு வழிச் சாலையாகி விட்டது. மரம் போய் விட்டது. நடப்பதற்கு ஓரம் இல்லை. நடுவில் சுவர் வைத்து விட்டதால், கண்ணெதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒன்று வெகுதூரம் சுற்ற வேண்டும், அல்லது சுவரேறிக் குதிக்க வேண்டும். பையனுடைய கால் மாறவில்லை, தோழர்களே! கால் வைக்கும் இடம் மாறி விட்டது.

முதலாவது தூரத்தை எடுத்துக் கொள்வோம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஏற்பட்ட விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோ மீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோ மீட்டருக்குள்ளும் பள்ளிக்கூடம் இருக்க வேண்டுமென்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கோ அந்தச் சட்டமே இல்லை. ஆகவே பெண் எப்போது பெரியவளாகிறாளோ, எப்போது வீட்டார் அவளை வெளியே அனுப்பத் தயங்குகிறார்களோ, சரியாக அந்த வயதில்தான் பள்ளிக்கூடமும் தூரமாகப் போய் விடுகிறது. 5 கிலோ மீட்டர் நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். சைக்கிளில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் போதும். படிப்பு நிற்பதும் நிலைப்பதும் பல வீடுகளில் இந்தச் சின்னக் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழக்கம். பெண் சைக்கிள் ஏறினால் குடும்ப மானம் போய் விடும் என்று சொன்ன நாடு இது. அந்த மானம் என்ன ஆயிற்று என்பதைப் புதுக்கோட்டை ஜில்லா காட்டி விட்டது. 1991-ல் அங்கு அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கும்படி செய்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலைக்காரப் பெண்களும், பள்ளிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முதலில் கேலி பேசினவர்கள் உண்டு. ஆனால் ஒருத்தி போனால் கேலி பேசும் தெரு, நூறு பேர் போனால் ஒதுங்கி வழிவிடும் என்பதை அந்த ஜில்லா கண்டது. எந்தச் சாமியும் கோபித்துக் கொள்ளவில்லை. எந்தக் குடும்ப மானமும் கப்பலேறவில்லை.

பீகார் மாகாணத்தைப் பாருங்கள். 2006-ல் அங்குள்ள சர்க்கார் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு கணக்கெடுத்ததில், அந்த வயதில் உயர்நிலைப் படிப்பில் சேர்ந்த பெண்களின் தொகை நூற்றுக்கு 32 வீதம் உயர்ந்திருந்தது. அதிலும் பள்ளிக்கூடம் தூரமாயுள்ள ஊர்களில்தான் இந்த மாறுதல் அதிகம். பெண்ணின் புத்தியை யாரும் மாற்றவில்லை, தலையெழுத்தை யாரும் அழித்து எழுதவில்லை. இரண்டு சக்கரத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவே.

நம் நாட்டிலும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் இலவசச் சைக்கிள் கொடுத்து வருகிறது. நல்ல காரியந்தான். ஆனால் சைக்கிள் மாத்திரம் போதுமா? அது ஓடுவதற்குத் தெரு வேண்டாமா? ஆதித்திராவிடப் பிள்ளை மேல்சாதித் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக் கொண்டு போக வேண்டுமென்ற அக்கிரமம் நம் கிராமங்களில் இருந்ததை நீங்கள் அறியாதவர்களல்ல. வைக்கத்தில் 1924-ல் துவங்கி 1925 வரை நடந்த போராட்டம் எதற்காக? தெருவில் மனிதன் நடப்பதற்காக. மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடித்து வழிவிட 2008 வரை ஆயிற்று. சுவர் இருக்குமிடத்தில் சைக்கிள் என்ன செய்யும்? ஆகவே தெரு என்பது வெறும் மண்ணும் தாரும் அல்ல. அதில் சாதியும் கலந்திருக்கிறது.

மூன்றாவது, ரோட்டில் நேரும் சாவு. ஒரு பிள்ளை லாரியில் அடிபட்டால் "விதி" என்கிறோம். வண்டிக்காரர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார், பூசணிக்காய் உடைக்கிறார். அந்தப் பூசணிக்காயில் வழுக்கி விழுகிறவனும் சைக்கிள்காரனே! அதே இடத்தில் ஒரு வேகத்தடை போட ஏன் கேட்பதில்லை?

நெதர்லாந்து தேசத்தில் 1971-ல் மாத்திரம் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் மாண்டார்கள். அந்த நாட்டுத் தாய் தகப்பன்மார் விதியென்று வீட்டிலிருக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பேரோடு இயக்கம் கண்டு தெருவை மறித்தார்கள். 1973-ல் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும் அவர்களுக்குத் துணையாயிற்று. கார்களுக்கென்று இருந்த வீதிகளில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வந்தது, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது. இன்று அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சைக்கிளில் போகிறார்கள். அங்கேயும் மழை உண்டு, எதிர்க்காற்று உண்டு. பாதையும் இருக்கிறது என்பதே வித்தியாசம்.

நம் பட்டணங்களில் நடப்பது நேர்மாறு. ரோடு ஆபத்தென்று பணக்காரர் பிள்ளையைக் காரில் அனுப்புகிறார். அந்தக் கார்களெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நெருக்கித் தள்ளுவதால் நடக்கிற பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகமாகிறது. அதைப் பார்த்து அடுத்த தகப்பனும் மோட்டார் சைக்கிளைப் பதினைந்து வயதுப் பையனிடம் கொடுக்கிறார். இப்படிப் பயமே பயத்தைப் பெறுகிறது. 2019-ல் திருத்திய மோட்டார் சட்டப்படி அந்தத் தகப்பனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்பதாவது அவர் அறிய வேண்டாமா?

ஆகவே தோழர்களே! பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டுவதை முதலில் நிறுத்துவோம். அடுத்த கிராமசபைக் கூட்டத்திற்குச் சும்மா போகாமல், ஒரு நாள் காலையில் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வரை நாமும் நடந்து விட்டுப் போவோம். எங்கே நிழலில்லை, எங்கே விளக்கில்லை, எந்தத் திருப்பத்தில் லாரி வேகமாய் வருகிறது, எந்தச் சாராயக் கடையைக் கண்டு பெண்கள் சுற்றிப் போகிறார்கள், எந்தத் தெருவில் யாரை யார் முறைக்கிறார்கள் என்று எழுதி வைத்துக் கொள்வோம். வேகத்தடையும், மரமும், விளக்கும், ஓரப்பாதையும் கேட்டுத் தீர்மானம் போடுவோம். கடை எடுபட வேண்டுமானால் அதையும் சேர்த்துக் கேட்போம். முறைப்பவர்களைச் சர்க்கார் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டு விடாமல், நாமே எதிரில் போய் நிற்போம்.

இவையெல்லாம் மனிதன் செய்து வைத்தவை. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.