ஜீப்புக்கு முதலில் கால் கழுவுங்கள்
(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



அஜெண்டாவில் ஐந்தாவது அயிட்டம், வளாகத்துக்குள் வண்டி கழுவத் தடை. அதற்குக் காரணமான வண்டி என்னுடையதுதான். பி பிளாக், சிவப்பு தார். செயலாளர் பெயர் போடாமல்தான் நோட்டீஸ் ஒட்டினார், நன்றி. ஆனால் அதற்குள் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது.

இந்த வயதில் ஜீப் எதற்கு சார் என்று கேட்கிறீர்கள். வங்கியில் என் முதல் போஸ்டிங் ஒரு கிராமக் கிளை. கடன் வசூலுக்கு ஃபீல்டு ஆபீசர் போகும்போது நான் லெட்ஜரோடு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து போவேன். சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, டிரைவர் அண்ணன் வாளியோடு முதலில் அடியில்தான் புகுவார். "முகம் அப்புறம் கழுவிக்கலாம் தம்பி, முதல்ல கால்" என்பார். ஜீப் ஆசை மட்டும் மனசில் நின்றது. அவர் சொன்னது மறந்துபோனது.

பொங்கல் லீவில் மகனோடு ஜவ்வாது மலைப் பக்கம் போய், ஓடையில் இறங்கி, சக்கரம் முழுக்கச் செம்மண்ணோடு வந்தோம். மறுநாள் காலை ஹோஸ் போட்டு ஒரு மணி நேரம் மேலே அடித்தேன். வண்டி பளபளத்தது. அந்தப் பெருமையோடு பேஸ்மெண்ட் சரிவில் இறக்கினேன். பாதியில் பிரேக்கை மிதித்தால் பிடிக்கவில்லை. கீழே ஏ பிளாக் குழந்தை ஒன்று சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை முழு பலத்தோடு மிதித்ததில் வண்டி நின்றது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. குழந்தை நிமிர்ந்து, "ஹாய் தாத்தா" என்றது. அதன் பாட்டி இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நேற்றுதான் வீட்டுக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னேன்.

மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பின்னால் டிரம் பிரேக். டிரம்முக்குள் சேறு பசை மாதிரி அப்பியிருந்தது. நான் அடித்த தண்ணீர் அதைக் கரைத்து பிரேக் ஷூவில் பூசிவிட்டது. சேஸிஸ் துவாரத்தில் விரலை விட்டார், ஈர மண் வந்தது. அது உள்ளேயே கிடந்தால் ஈரம் காயாது, துரு பிடிக்கும். கடலோர மணலில் ஓட்டிய வண்டி என்றால் உப்பு வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் பி.காம். ஒரு பக்கம் பற்று என்றால் இன்னொரு பக்கம் வரவு இருக்க வேண்டும். வண்டியிலிருந்து போன மண் எங்கே வரவானது? நம் மழைநீர்க் குழியில். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது நாம் பணம் போட்டுத் தோண்டியது. களிமண் படிந்தால் ஜல்லி, மணல் இடுக்கெல்லாம் அடைபட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. பிளம்பர் அள்ளிப் போட்டதைப் பார்த்தீர்கள். அந்தக் கூலி என்னுடையது, பொருளாளரிடம் கட்டிவிட்டேன்.

தண்ணீரையும் அளந்து பார்த்தேன். நம் ஹோஸில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. ஒரு மணி நேரத்துக்கு 900 லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது லாரிக்கு எத்தனை மணி வரை விழித்திருந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது நான் செய்வது இது. மண்ணைக் காயவிட்டு, சக்கரத்து மேல் வளைவில் இருப்பதை மரக்குச்சியால் கோணிச்சாக்கில் தட்டி எடுக்கிறேன். அடிப்பாகத்துக்கு வெளியே வாட்டர் சர்வீஸ். லிப்டில் ஏற்றி, சேஸிஸ் துவாரத்தில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பேன். இல்லாவிட்டால் பையன் கதவைத்தான் அடிப்பான், அதுதானே கண்ணுக்குத் தெரிகிறது! ரேடியேட்டர் தகடு, ஒயர் இணைப்பு, ஆக்ஸில் சீல் பக்கம் பிரஷர் வேண்டாம். வண்டி சூடாக இருக்கும்போது தண்ணீரே வேண்டாம். ஓடையில் இறங்கி வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு கிரீஸும் வைக்க வேண்டும்.

இங்கே வாளிக் கழுவல் மட்டும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டுத்தான் துணி போட வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் முழுக்கக் கோடு விழும். ஷாம்பு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. பாத்திர சோப்பு வாக்ஸை எடுத்துவிடும். புது தாரில் தரையில் தண்ணீர் வடியத் துவாரம், அதற்கு அடைப்பான் எல்லாம் உண்டு. அதற்காக டேஷ்போர்டிலும் தண்ணீர் அடிக்கலாம் என்று பொருளில்லை. கழுவி முடித்ததும் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் மிதித்து, பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சரிவில் இறங்குவது.

எனவே ஐந்தாவது அயிட்டத்துக்கு என் திருத்தம்: ஹோஸுக்குத் தடை, வாளிக்கு அனுமதி, வண்டிக்கு மூன்று வாளி. யாராவது வழிமொழிந்தால் நல்லது. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு பின்கேட் பக்கம் என் வண்டியைக் கழுவிக் காட்டுகிறேன். என்னிடம் வாளி இரண்டுதான் இருக்கிறது, வருகிறவர்கள் ஒன்று கொண்டு வாருங்கள்.